டப்பாவை நிரப்புவது யார்? பிலிம் ரோலின் கதை

டிஜிட்டல் கேமராவுக்கு முன்னால் போட்டோ எடுத்தவர்களுக்கு அந்தச் சின்ன டப்பா நன்றாக நினைவிருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் குப்பி, அதற்குச் சாம்பல் நிற மூடி, உள்ளே ஓர் உலோக உருளை, அதன் வாயிலிருந்து நாக்கை நீட்டியது போல ஒரு துண்டு பிலிம். கடையில் "ரோல்" என்று கேட்டால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். தயாரித்த கம்பெனிகள் இதற்கு வைத்த பெயர் கேசட் (பாட்டு கேசட் வேறு, இது வேறு). 36 படம் எடுத்து, சுருட்டி, ஸ்டூடியோவில் கொடுத்தால் பிரிண்ட் வரும். டப்பா குப்பைக்குப் போகும்.

அந்த டப்பாவுக்குள் பிலிமைச் சுற்றி வைப்பது யார் வேலை? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 100 ஆண்டுகளாக இந்த வேலை போட்டோகிராபர் கைக்கும் தொழிற்சாலை கைக்கும் மாறி மாறிப் போய் வந்திருக்கிறது. யார் கையில் இருந்ததோ அவர் பக்கமே காசும் சாய்ந்தது. காமர்ஸ் படிப்பவர்கள் இதை போட்டோகிராபி வரலாறாகப் பார்ப்பதை விட பேக்கிங்கின் வரலாறாகப் பார்ப்பது நல்லது.

முதலில் தொழிற்சாலைக்காரர் ஒருவரிடமிருந்து தொடங்குவோம். 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடாக்' என்ற பெயரில் ஒரு பெட்டிக் கேமராவை விற்பனைக்குக் கொண்டு வந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான சுருளைத் தொழிற்சாலையிலேயே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எடுத்து முடித்ததும் கேமராவையே அப்படியே பார்சல் கட்டி ரோசெஸ்டர் நகரத்துக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கொடுத்தால் படங்களைக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருளும் நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள். கேமரா 25, ஒவ்வொரு மறுநிரப்பலுக்கும் 10. லாபம் எதில் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கேமரா ஒரு தடவை விற்பது. நிரப்புவது வாழ்நாள் முழுவதும் விற்பது.

அடுத்த கதாநாயகர் இதற்கு நேர் எதிர். ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில் லைட்ஸ் என்ற மைக்ராஸ்கோப் கம்பெனி இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் ஆஸ்கர் பார்னாக். ஆஸ்துமாக்காரர். கனமான கண்ணாடித் தகடு கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற அவரால் முடியவில்லை. சினிமா எடுக்கும் 35 மி.மீ. பிலிமை வைத்துச் சட்டைப்பைக்குள் அடங்கும் கேமரா ஒன்றைச் செய்து பார்த்தார். இது முதல் உலகப்போருக்குக் கொஞ்சம் முன்னால். அதே வழியில் வந்த லைக்கா கேமரா 1925-ல் லைப்ஸிக் சந்தையில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

கேமரா சரி, அதற்குள் போட பிலிம்? கடையில் லைக்கா பிலிம் என்று எதுவும் கிடையாது. சினிமாவுக்காக நூற்றுக்கணக்கான அடி நீளத்தில் வரும் பிலிமைத்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். லைட்ஸ் கம்பெனி கொடுத்தது ஒரு காலி கேசட். பித்தளையில் கடைந்தது, அச்சும் அசலுமாகப் பொருந்தும் இரண்டு கூடுகள், நடுவே ஒரு கட்டை. இருட்டறைக்குள் போய், ஏறத்தாழ 1.6 மீட்டர் பிலிமை அளந்து வெட்டி, கட்டையில் சுற்றி, கூட்டுக்குள் போட்டு மூட வேண்டும். (பார்னாக் தன் இரண்டு கைகளையும் விரித்த நீளம்தான் 36 படத்துக்கு அளவாக அமைந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.)

ஆக, 35 மி.மீ. போட்டோகிராபியின் முதல் பத்தாண்டில் 'ரெடிமேட்' என்பதே அரிது. போட்டோகிராபரே தனக்குப் பேக்கர். அந்தப் பித்தளைக் கேசட்டில் ஒரு நுட்பம் இருந்தது. கேமராவின் அடித்தட்டைப் பூட்டும் சாவியைத் திருப்பினால் உள்ளே கேசட்டின் வாய் அகலமாகத் திறந்துகொள்ளும். பிலிம் எதிலும் உரசாமல் வெளியே வரும். படமெடுத்து முடித்துச் சாவியைத் திரும்பத் திருப்பினால் வாய் மூடிக்கொள்ளும். தேயாத பொருள், ஆயிரம் தடவை நிரப்பினாலும் தாங்கும். ஆனால் அது லைக்காவுக்கு மட்டும். 1932-ல் வந்த காண்டாக்ஸ் கேமராவுக்கு அதன் கம்பெனி வேறு கேசட் வைத்திருந்தது. ஒன்றில் போட்டதை மற்றொன்றில் போட முடியாது.

இந்த இடத்தில்தான் கோடாக் உள்ளே வருகிறது. ஸ்டுட்கார்ட் நகரில் ஆகஸ்ட் நாகெல் என்பவர் நடத்திய கேமரா ஆலையை 1932-ல் அது வாங்கியது. அங்கிருந்து 1934-ல் 'ரெட்டினா' என்ற மடிப்புக் கேமரா வந்தது. லைக்காவை விட விலை மிகவும் மலிவு. ஆனால் வரலாற்றை மாற்றியது கேமரா அல்ல, கூடவே வந்த டப்பா. 135 என்று எண் கொடுத்தார்கள். மெல்லிய தகரத்தில் செய்தது. வாயில் வெல்வெட் போன்ற துணிப்பட்டை. வெளிச்சம் உள்ளே போகாது, பிலிம் மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். தொழிற்சாலையிலேயே பிலிம் நிரப்பி, பட்டப்பகலில் கேமராவுக்குள் போடலாம் என்று விற்றார்கள். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுவதற்காகவே செய்த டப்பா அது.

நாகெல் செய்த கெட்டிக்காரத்தனம் வேறொன்று. அந்த டப்பாவை ரெட்டினாவுக்கு மட்டும் பொருந்தும்படி செய்யவில்லை. லைக்காவுக்குள்ளும் போகும், காண்டாக்ஸுக்குள்ளும் போகும். போட்டியாளர் விற்ற கேமராவெல்லாம் ஒரே நாளில் கோடாக்கின் வாடிக்கையாளர் ஆனது. பிறகு வந்த கம்பெனிகள் எல்லாம் இந்த டப்பாவின் அளவுக்கே கேமரா செய்ய வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அதே அளவுதான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஒரு படத்துக்குப் பிலிமின் ஓரத்தில் 8 ஓட்டைகள் நகர வேண்டும். ஓட்டைக்கு ஓட்டை 4.75 மி.மீ. ஆக ஒரு படம் 38 மி.மீ. 36 படத்துக்கு 1.37 மீட்டர் போதும். ஆனால் 36 படக் கேசட்டில் இருப்பது சுமார் 1.65 மீட்டர். மீதி 28 சென்டிமீட்டர், தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்குக்கும் வாலில் கட்டையோடு ஒட்டிய பகுதிக்கும் போகிறது. அதாவது 17 சதவீதம் படமே எடுக்காமல் வீண். காஸ்டிங்கில் 'நார்மல் லாஸ்' என்போமே, அது. இதில் கவனிக்க வேண்டியது, இந்த 28 சென்டிமீட்டர் மாறவே மாறாது. 12 படம் கொண்ட ரோல் வாங்கினால் மொத்தம் சுமார் 74 சென்டிமீட்டரில் 28 வீண். 38 சதவீதம்! சின்ன ரோல் வாங்குபவர்தான் அதிகம் வீணாக்குகிறார்.

மறுபக்கம் பாருங்கள். லைக்காவிலேயே 1930களில் 'ரிப்போர்ட்டர்' என்று ஒரு மாடல் வந்தது. இரண்டு பக்கமும் வீங்கிய கன்னம் மாதிரி பெரிய அறைகள், உள்ளே 10 மீட்டர் பிலிம், 250 படம். 250-ஐ 38 மி.மீ.யால் பெருக்கினால் 9.5 மீட்டர். வீண் வெறும் 5 சதவீதம். அந்தக் கேமராவுக்குத் தொழிற்சாலையில் நிரப்பிய டப்பா பொருந்தாது, பெரிய சுருளிலிருந்து தானாகவே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இப்படிப் பெரிய சுருளாக விற்பதற்குத்தான் 'பல்க் பிலிம்' என்று பெயர். வழக்கமான அளவு 100 அடி, அதாவது 30.5 மீட்டர். வட்டமான தகர டின்னில் வரும். அதை 1.65-ஆல் வகுத்தால் 18 ரோல், கொஞ்சம் மிச்சம். உள்ளே இருப்பது அதே பிலிம், அதே பூச்சு. டப்பாவும், நாக்கு வெட்டும் இயந்திரமும், அட்டைப்பெட்டியும், 18 தடவை பேக் செய்யும் கூலியும் மட்டும் இல்லை. பல்க் பிலிமின் விலைக் குறைவு முழுவதும் இங்கிருந்து வருவதே. கம்பெனி இனாமாக எதையும் தரவில்லை. கம்பெனி செய்யாத வேலையை வாங்குபவர் செய்கிறார், அதற்கான கூலியைத் தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிறார்.

அந்த வேலைக்கு ஒரு சின்னக் கருவி வந்தது. பல்க் லோடர். வாட்சன், ஆல்டன் என்று சில பெயர்கள் பிரபலம். கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் ஒரு கைப்பிடி. இருட்டறையில் ஒரு முறை 100 அடியையும் அதற்குள் போட்டுவிட்டால் போதும். அப்புறம் வெளிச்சத்திலேயே வேலை பார்க்கலாம். காலி கேசட்டின் கட்டையில் பிலிம் முனையை டேப் வைத்து ஒட்ட வேண்டும். கேசட்டை மூடி, லோடரின் கதவைச் சாத்தி, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எண்ணிக்கை காட்டும். 36 வந்ததும் நிறுத்தி வெட்ட வேண்டும். பத்து நிமிடத்தில் நாலைந்து ரோல் தயார்.

கேட்பதற்குச் சுலபம். சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், ஒட்டும்போது வெளியே இருந்த அந்தக் கடைசித் துண்டு வெளிச்சம் பட்டது. கேமராவில் அதுதான் கடைசி இரண்டு மூன்று படம். தொழிற்சாலை ரோலில் 36-க்கு மேல் 37-வது படம் கூட அதிர்ஷ்டமாகக் கிடைக்கும். சொந்த ரோலில் 36-வது படத்தை நம்பக் கூடாது. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் எண்ணிக்கை 35-ல் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சிலர் புத்திசாலித்தனமாக 40 படத்துக்குச் சுற்றி வைப்பார்கள். அது டெவலப் செய்யும் டேங்கின் சக்கரத்தில் அடங்காது, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

துணிப்பட்டை இன்னொரு தொல்லை. தொழிற்சாலைக் கேசட்டின் பட்டை ஒரே ஒரு ரோலைப் பார்க்கிறது. திரும்பத் திரும்ப நிரப்பும் கேசட்டின் பட்டையில் ஒரு மணல் துகள் சிக்கினால் 36 படத்திலும் நீளவாக்கில் ரயில் தண்டவாளம் மாதிரி கோடு விழும். வெளியே தெரியவே தெரியாது, கழுவிய பிறகே தெரியும். வாட்சன் லோடரில் உரசல் வராமல் இருக்க, உள்ளே ஒரு வெளிச்சக் கதவைத் திருகித் திறந்துகொள்ளும் வசதி உண்டு. வெளிக்கதவைச் சாத்தாமல் இதைத் திறந்துவிட்டால் ஒரு ரோல் அல்ல, மிச்சமிருக்கும் மொத்தச் சுருளுக்கும் ஆபத்து. கடையில் வாங்கிய 18 ரோலும் ஒரே நொடியில் கெட வாய்ப்பில்லை. டின்னில் வாங்கியது கெடலாம். மலிவு விலைக்குள் இந்த ரிஸ்க்கும் அடக்கம். ஆனால் லாபக் கணக்கு போடுபவர்கள் பெரும்பாலும் இந்த வரியை எழுதுவதில்லை.

பிறகு ஏன் இத்தனை பேர் இதைச் செய்தார்கள்? நேரம் இருந்தது, காசு இல்லை. பத்திரிகை ஆபீஸ்களிலும், போட்டோகிராபி சொல்லித்தரும் கல்லூரிகளிலும், சொந்தமாக இருட்டறை வைத்திருந்தவர்கள் வீடுகளிலும் பல்க் லோடர் இருந்தது. பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். எடுத்ததைக் கழுவும் வேலையும் அவர்கள் கையில் இருந்ததால் நிரப்பும் வேலை பாரமாகத் தெரியவில்லை. இன்னொரு சௌகரியம், நாலு பாஸ்போர்ட் போட்டோ எடுக்க 36 படம் வீணாக்க வேண்டாம். எட்டு படத்துக்குச் சுற்றிக்கொண்டால் போதும்.

கலரில் கதையே வேறு. 1936-ல் கோடாக்ரோம் ஸ்லைடு பிலிம் 35 மி.மீ. கேசட்டில் வந்தது. 18 படம், 3.50 டாலர். இந்த விலைக்குள் கழுவும் கூலியும் சேர்ந்திருந்தது. கோடாக்ரோமைக் கழுவுவது மிகச் சிக்கலான வேலை, வீட்டில் நடக்காது. ஆகவே எடுத்து முடித்த கேசட்டைக் கோடாக்குக்கே அனுப்ப வேண்டும். 1888-ன் பெட்டிக் கேமரா வியாபாரம் திரும்பி வந்துவிட்டது, இந்த முறை கேமரா இல்லாமல் டப்பா மட்டும்! பிலிம் வாங்கினால் கழுவும் சேவையையும் வாங்கியே ஆக வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை அமெரிக்க அரசு ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கேள்வி கேட்டது. 1954-ல் சமரசத் தீர்ப்பு வந்தது. கழுவும் கூலியைப் பிலிம் விலையிலிருந்து பிரிக்க வேண்டும், மற்ற லேப்களுக்கும் தொழில்நுட்பத்தைக் கொடுக்க வேண்டும். தனியார் கலர் லேப்கள் பெருகியது அதற்குப் பிறகு. டப்பாவுக்குள் என்னவெல்லாம் சேர்த்து விற்கலாம் என்பதற்கு நீதிமன்றம் கோடு போட வேண்டி வந்தது என்பதே இந்தச் சின்னப் பொருளின் கனத்தைக் காட்டுகிறது.

கோடாக் டப்பா வந்த அதே 1934-ல் உலகின் இன்னொரு பக்கத்திலும் ஒன்று நடந்தது. சோவியத் உக்ரைனில், கார்கிவ் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்கான ஒரு கம்யூன் இருந்தது. கல்வியாளர் மகரென்கோ நடத்தியது. அந்தச் சிறுவர்களின் ஆலையில் லைக்காவைப் பார்த்துச் செய்த 'ஃபெட்' கேமரா அந்த ஆண்டு தொடர் உற்பத்திக்கு வந்தது. பிறகு ஸோர்கி, ஸெனித் என்று லட்சக்கணக்கில் 35 மி.மீ. கேமராக்கள் வந்தன. ஆனால் நிரப்பிய கேசட் மட்டும் சாதாரணக் கடைகளில் அபூர்வம். உக்ரைனின் ஷோஸ்த்கா ஊரில் செய்த ஸ்வெமா பிலிமைச் சரியாக 1.65 மீட்டராக வெட்டி, கறுப்புக் காகிதத்தில் சுற்றி, கேசட் இல்லாமல் விற்றார்கள். காலி கேசட்டை ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியது. வீட்டில் இருட்டறை இல்லாதவர்கள் போர்வைக்குள் கையை விட்டுத் தடவித் தடவிச் சுற்றினார்கள்.

இது பல்க் பிலிமும் அல்ல, ரெடிமேட் ரோலும் அல்ல. அளந்து வெட்டும் வேலை தொழிற்சாலையில், டப்பாவில் அடைக்கும் வேலை வீட்டில். அமெரிக்காவில் சிக்கனக்காரர்கள் விரும்பிச் செய்ததை அங்கே பள்ளிக்கூடப் பையன் முதல் எல்லோரும் வேறு வழியில்லாமல் செய்தார்கள். தகரமும் பேக்கிங் இயந்திரமும் அரசுக்கு மிச்சம். மக்களுக்குப் போர்வை.

இந்தியா இந்தக் கதையில் வேறொரு படியில் நுழைகிறது. ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். பிரான்ஸின் பௌஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. 'இண்டு' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும், எக்ஸ்ரே பிலிமும், சினிமா பாசிட்டிவும் வந்தன. அந்த ஆலையைச் சுற்றி உருவான குடியிருப்புக்கு இந்து நகர் என்றே பெயர். பிலிம் ஆலையில் கடினமான வேலை பூச்சுப் பூசுவது. ஓர் ஆள் அகலத்துக்கு, ஆயிரக்கணக்கான அடி நீளத்துக்கு வரும் ராட்சதச் சுருளை 'ஜம்போ ரோல்' என்பார்கள். அதை 35 மி.மீ. அகலத்துக்குக் கீறி, ஓரத்தில் ஓட்டை போட்டு, அளந்து வெட்டிப் பேக் செய்வது அடுத்த கட்டம். கலர் யுகம் வந்ததும் இந்தியாவில் பூச்சு வேலை எட்டாக்கனி ஆனது. வெளிநாட்டு ஜம்போ ரோலை இறக்குமதி செய்து இங்கே வெட்டி, இங்கே டப்பாவில் அடைப்பது தொழிலானது. ஒரு போட்டோகிராபர் 100 அடி டின்னை வைத்துக்கொண்டு செய்ததை ஒரு நாடே ஜம்போ ரோலை வைத்துக்கொண்டு செய்தது என்று சொன்னால் மிகையில்லை. ஊட்டி ஆலை 1990களில் நலிந்த நிறுவனமாகி, கடைசியில் மூடப்பட்டது.

தொழிற்சாலைக் கேசட்டுக்கு ஆதரவாக ஒரு பெரிய அடி 1983-ல் விழுந்தது. கேசட்டின் மேல் வெள்ளியும் கறுப்புமாகக் கட்டங்கள் இருக்குமே, அது கோடாக் கொண்டு வந்த டிஎக்ஸ் குறியீடு. கேமராவுக்குள் இருக்கும் ஊசிகள் அந்தக் கட்டங்களைத் தொட்டு, பிலிம் 100-ஆ, 400-ஆ என்று தானாகப் புரிந்துகொள்ளும். வசதிதான், மறுக்க முடியாது. ஆனால் காலி கேசட்டில் சொந்தமாக நிரப்பியவர்களின் கேமராவுக்கு எதுவும் புரியாது. பல மலிவுக் கேமராக்கள் குறியீடு இல்லாவிட்டால் 100 என்றே எடுத்துக்கொள்ளும், மாற்றிச் சொல்ல பட்டனும் கிடையாது. டப்பா பேச ஆரம்பித்ததும் பேசாத டப்பாவுக்கு மதிப்பு போய்விட்டது. (இதற்கும் மாற்று கண்டுபிடித்தார்கள். டிஎக்ஸ் கட்டம் அச்சடித்த ஸ்டிக்கர் விற்றது. சிலர் கேசட்டின் பெயின்ட்டைச் சுரண்டியே கட்டம் போட்டார்கள்.)

கம்பெனிகள் இன்னும் இறுக்கமாக மூடிய டப்பாக்களையும் கொண்டு வந்து பார்த்தன. 1963-ல் இன்ஸ்டாமேட்டிக், 1972-ல் அதன் குட்டி வடிவம், 1982-ல் தட்டு வடிவ டிஸ்க், 1996-ல் ஏபிஎஸ். எல்லாமே போடுவதற்குச் சுலபம், வீட்டில் நிரப்புவதற்குக் கஷ்டம். நன்றாக விற்றன, பிறகு ஒவ்வொன்றாகச் செத்தன. 1934-ன் தகர டப்பா இன்னும் நிற்கிறது.

இப்போதைய நிலவரத்தில் இரண்டு விஷயங்கள். ஒன்று, பல்க் பிலிமின் பழைய லாபம் எல்லா இடத்திலும் இல்லை. விற்பனை சுருங்கியதும் 100 அடி டின்னும் அபூர்வச் சரக்காகி விலை ஏறியது. சில பிராண்டுகளில் 18-ஆல் வகுத்துப் பார்த்தால் மிச்சம் பெயரளவுக்கே. செக் நாட்டின் ஃபோமா போன்ற சில கம்பெனிகளில்தான் இன்னும் உருப்படியாக மிச்சமாகிறது. அவர்கள் 17 மீட்டர் சுருளும் விற்கிறார்கள், பத்து ரோல் வரும்.

இரண்டாவது சுவாரசியமானது. கோடாக் 2012-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போன அதே ஆண்டில் அமெரிக்காவில் சினிஸ்டில் என்ற சின்னக் கம்பெனி பிறந்தது. கோடாக்கின் சினிமா பிலிமை வாங்கி, அதன் முதுகில் இருந்த கறுப்புக் கரிப் பூச்சை முன்கூட்டியே நீக்கி, கேசட்டில் அடைத்து விற்றார்கள். கரி போய்விட்டதால் சாதாரண லேபிலேயே கழுவலாம். இரவு விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழும். அது குறைதான், ஆனால் அதற்காகவே வாங்குபவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து உலகம் முழுவதும் பல சிறு கடைகள் 400 அடி சினிமா சுருளை வாங்கி, தங்கள் ஸ்டிக்கரை ஒட்டி விற்கின்றன. 400 அடிக்கு 73 ரோல் வரும். பூச்சுப் பூசுவது பெரிய கம்பெனி, டப்பாவில் அடைத்த லாபம் யாரோ ஒருவருக்கு.

இவர்களுக்கெல்லாம் காலி கேசட் வேண்டுமே? இன்றைய தொழிற்சாலைக் கேசட்டின் மூடி அழுத்தி மடக்கியது, திறந்தால் நெளிந்துவிடும். திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் கேசட் தனியாக விற்கிறது. அதை வாங்க மனமில்லாதவர்கள் லேபில் சொல்லி வைக்கிறார்கள். பிலிமை உருவும்போது முழுவதும் உருவாமல் ஒரு விரல் நீளம் வாயில் விட்டு வெட்டினால், அந்த நுனியோடு புதுப் பிலிமை டேப் வைத்து ஒட்டி உள்ளே சுற்றிவிடலாம். தூக்கிப் போடுவதற்காகச் செய்த டப்பாக்களைச் சில லேப்களில் இதற்காகவே ஒரு பையில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், கேட்டால் சும்மாவே கொடுக்கிறார்கள்.